பத்துப் பேர் குழுவும் விட்டுப்போன ஒரு வீடும்

வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குப் புத்திமதி சொல்ல நான் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஊருக்குப் புத்திமதி சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வுக்குப் பிறகும் அதையே செய்தால் வீட்டில் சோறு கிடைக்காது. நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை மட்டும் சொல்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், உங்கள் அலுவலக பீரோவில் இருக்கும் வெள்ள முன்னேற்பாட்டுத் திட்டத்தை எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

எழுபதுகளின் கடைசி. வாடிப்பட்டிப் பக்கம் வருவாய் ஆய்வாளராக இருந்தேன். வயது இருபத்தேழு. ஆர்.ஐ. வருகிறார் என்றால் டீக்கடையில் பெஞ்சைத் துடைத்துவிடுவார்கள். அந்த மரியாதை என் அறிவுக்குக் கிடைப்பது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு சித்திரை மாதம், தாசில்தார் எங்களையெல்லாம் கூப்பிட்டு, மழைக்காலம் வருவதற்குள் பெரிய கண்மாய் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் ஒரு திட்டம் எழுதித் தரச் சொன்னார். கண்மாய் உடைந்தால் யார் என்ன செய்வது, மக்களை எங்கே தங்கவைப்பது என்பதுதான் திட்டம். மற்ற ஆர்.ஐ.க்கள் முனகினார்கள். நான் முனகவில்லை. எனக்கு எழுதுவது பிடிக்கும்.

நான் முதலில் போனது, வாடிப்பட்டியில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஓர் ஊருக்கு. பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் என்னைக் கேலி செய்கிறார்கள். மேற்கே பெரிய கண்மாய். கரைக்கு நேர் கீழே பள்ளத்தில் கீழத்தெரு, நாற்பது மண் வீடுகள். வடக்கே தார் ரோட்டை ஒட்டி மேட்டில் ஓர் அரிசி ஆலை. தெற்கே பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம்.

கர்ணம் வீட்டில் உட்கார்ந்து, மோர் குடித்துக்கொண்டே திட்டத்தை எழுதினேன். ஊரின் கணக்கு வழக்கெல்லாம் கர்ணத்தின் கையில் இருந்த காலம். வெள்ளத் தடுப்புக் குழுவுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றேன். அவர் யோசிக்கக்கூட இல்லை; வரிசையாகச் சொன்னார். தலைவர், ஆலைக்காரர். அப்புறம் ஒன்பது உறுப்பினர்கள். எல்லாரும் நல்ல மனுஷர்கள், கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் என்றார். அத்தனை பேரும் ஒரே வகையறா, மாமன் மச்சான் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தங்கும் இடமாகப் பள்ளிக்கூடத்தை எழுதினேன். அரசுக் கட்டடம் என்றால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை பாருங்கள். கடமை தவறாதவன் என்பதால் நானே நடந்தும் பார்த்தேன். கீழத்தெருவில் இருந்து ஒரு மணல் பாதை நேராகப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனது. காலுக்கு மெத்தென்று இருந்தது. 'எளிதில் சென்றடையத்தக்க அகலமான பாதை உண்டு' என்று எழுதி, கார்பன் வைத்து மூன்று நகல் எடுத்து, கீழே கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். தாசில்தார் படித்துவிட்டு, "கையெழுத்து நல்லாருக்குய்யா" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் மழை கொஞ்சம் விட்டதும், தாசில்தார் ஜீப்பில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வண்டி ஆலைக்குப் பக்கத்தில் ரோட்டில் நின்றது. அவர் இறங்கவில்லை.

"மேல இருக்க கண்மாய் உடைஞ்சிருச்சு. அம்புட்டுத் தண்ணியும் இந்தக் கண்மாய்க்குத்தான் வருது. கரை தாங்குமா தாங்காதான்னு சொல்றதுக்கில்ல."

"எவ்வளவு நேரம் சார் இருக்கு?"

"தண்ணிகிட்டக் கேளு" என்றார். அவருக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். "நான் அடுத்த ஊருக்குப் போகணும். மத்தியானம் திரும்பி வருவேன். அதுக்குள்ள கீழத்தெருவுல ஒரு ஆள் இருக்கக் கூடாது. ஒரு ஆளுன்னா ஒரு ஆளுதான்யா."

"திட்டம் கையில இருக்கு சார்" என்று பையைத் தட்டிக் காட்டினேன். ஜீப் போய்விட்டது.

ஆலைக்குப் போனேன். பெரிய பூட்டுத் தொங்கியது. கர்ணம் வீட்டுக்கு ஓடினேன். அங்கேயும் பூட்டு. எதிரே தலையாரி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். கிராமத்துக்குக் காவலும், தமுக்கு அடித்து அறிவிப்புச் சொல்வதும் அவர் வேலை.

"ஆலைக்காரரு தங்கச்சி மகளுக்கு மேலூர்ல கல்யாணம் சார். தாய்மாமன் இல்லாம எப்பிடி? சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் நேத்தே லாரியில போயிட்டாங்க. கர்ணமும் கூடத்தான்."

நான் திட்டத்தைப் பிரித்துப் பத்துப் பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் தலையாரி "கல்யாணம்" என்றார். எட்டாவது பெயருக்கு "அவரு மாப்பிள்ளை அழைப்புல இருப்பாரு சார்" என்றார். பத்தாவது பெயருக்கு "அவரு பந்தி மேற்பார்வை". ஒரு முகூர்த்த நாள் வந்தால் என் குழு முழுக்க ஊரைக் காலி செய்துவிடும் என்று அந்த மழையில் நின்றுதான் எனக்குப் புரிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, ஒரு சீட்டு எழுதிக் கண்டக்டரிடம் கொடுத்து, வாடிப்பட்டி போலீஸ் ஸ்டேஷனில் சேர்க்கச் சொன்னேன். மேலூருக்கு ஒயர்லெஸ்ஸில் சேதி சொல்லட்டும் என்று. ஆனால் மேலூர் எங்கே, இந்த ஊர் எங்கே. அவர்கள் வருகிற வரைக்கும் கண்மாய் காத்திருக்காது.

"தமுக்கு அடிங்க. எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க" என்றேன்.

தலையாரி தலையைச் சொறிந்தார். "அடிக்கிறேன் சார். ஆனா நான் அடிச்சா தீர்வை வசூலுக்கு வந்துருக்கீங்கன்னு நினைச்சுக் கதவைச் சாத்திக்கிருவாங்களே."

அடித்தார். அவர் சொன்னபடியே சாத்திக்கொண்டார்கள். ஒரு வீட்டில் நான் கதவைத் தட்ட, "அவரு இல்லீங்க, வெளியூரு போயிருக்காரு" என்று உள்ளே இருந்து ஓர் ஆண் குரலே பதில் சொன்னது. பாதித் தெருவை முடிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஒருவரும் வெளியே வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது.

"சார், கோவிச்சுக்காதீங்க" என்றார் தலையாரி. "இந்தத் தெருவுல ஆள் சேர்க்கணும்னா பஞ்சவர்ணத்தத்தான் கூப்புடணும்."

பஞ்சவர்ணத்துக்கு நாற்பது வயது இருக்கும். நடவுக்கும் களையெடுக்கவும் பெண்களைச் சேர்த்து அழைத்துப்போகிறவர். நடவுக் காலத்தில் தினமும் விடியக் கருக்கலில் தெருவில் ஒரு நடை நடப்பாராம். ஒவ்வொரு வாசலிலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். தெருக்கோடியைத் தொட்டுத் திரும்பும்போது முப்பது நாற்பது பேர் பின்னால் வருவார்களாம். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் பிள்ளைத்தாச்சி, யாருக்குக் காது கேட்காது, எல்லாம் அத்துப்படி. எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கர்ணம் சொன்ன பட்டியலில் அவர் வரவே முடியாது.

போய்ச் சொன்னேன். பதறவில்லை. ஈர விறகை அடுப்படியில் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எத்தனை ஆளு சார் வேணும்?" என்றார்.

"எல்லாரும். தெருவே."

"எங்க போகணும்?"

"பள்ளிக்கூடத்துக்கு."

சிரித்துவிட்டார். நல்லா வாய் விட்டுச் சிரித்தார். "ஓடைக்குள்ள இறங்கியா சார் போறது?"

என்னைத் தெருமுனைக்கு இழுத்துப்போய்க் காட்டினார். என் மணல் பாதையைக் காணோம். அங்கே இடுப்பளவுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியே போகுமல்லவா, அது போகிற ஓடை அது. வருஷத்தில் பத்து மாதம் வறண்டு மணலாகக் கிடக்கும். வெள்ளத்துக்கான திட்டத்தைச் சித்திரை வெயிலில் எழுதினால் ஓடையும் பாதையாகத்தான் தெரியும். முதல் பாடம் இது, இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பாதைகளை மழையில் ஒரு தடவை நடந்து பாருங்கள். செருப்பு போனால் போகட்டும்.

"பேசாம ஆலைக்குப் போயிருவோம் சார். மேடு, கூரை இருக்கு, நெல்லு அவிக்கிற அண்டா இருக்கு" என்றார் பஞ்சவர்ணம்.

"பூட்டியிருக்கே."

"அது உங்க வேலை. ஆளைச் சேர்க்கிறது என் வேலை."

எங்கள் இருவருக்கும் இடையே நடந்த மொத்தக் கூட்டம் அவ்வளவுதான். நான் கலந்துகொண்ட கூட்டங்களிலேயே அதுதான் சுருக்கமானது, உருப்படியானதும்கூட.

ஆலை வாசலில் தலையாரி கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "ஆலைக்காரரு பூட்டு சார். வந்து என் தோலை உரிச்சிருவாரு." என் பையில் இருந்த திட்டத்தின் பின்பக்கத்தில், 'பூட்டை உடைக்கச் சொன்னது நான்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கதவிலேயே செருகினேன். தனியார் சொத்து, உரிமையாளர் ஊரில் இல்லை, மேலதிகாரி உத்தரவும் இல்லை. வேலை போனால் என்ன செய்வது என்ற யோசனையும் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கீழத்தெருவில் இருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஒரு பெண் மேடேறி வருவதைப் பார்த்ததும் யோசனை நின்றுவிட்டது. "போடுங்க" என்றேன். நாலாவது அடியில் பூட்டு விழுந்தது.

திரும்பிப் போய்ப் பார்த்தால், தெரு நடந்து வந்துகொண்டிருந்தது. பஞ்சவர்ணம் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஏ மூக்கம்மா, கிளம்பு. மாமனாரைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வா" என்று ஒரே ஒரு குரல் கொடுப்பார். அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வருஷக்கணக்கில் அந்தக் குரலுக்கு எழுந்து நடந்து பழகியவர்கள். நான் ஆபத்தை விளக்கிச் சொல்லலாமே என்றேன்.

"வெள்ளம்னு சொன்னா ஒவ்வொருத்தியும் பெட்டிய எடுக்கவா, கோழியப் புடிக்கவான்னு நிப்பா சார். மொதல்ல நடக்கட்டும். மேட்டுல ஏறினப்புறம் விளக்கிச் சொல்லுங்க, நெறையா நேரம் இருக்கும்."

தெரு ஆண்களில் பாதிப் பேர், பெருமழைக்கு வழக்கமாகச் செய்கிறபடி, கண்மாய்க் கரையில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்; மேலே கண்மாய் உடைந்த சேதி அவர்களுக்குத் தெரியாது. அவர்களில் ஓடக்கூடிய நான்கு பேரை மட்டும் காவலுக்கு விட்டு, மற்றவர்களைக் கிழவர்களைத் தூக்க இறக்கினோம். ஒரு மணி நேரத்துக்குள் தெரு ஆலைக்கு வந்துவிட்டது. ஆடு, கோழி, ஒருவர் வீட்டு வானொலிப் பெட்டி உட்பட.

நெல் காயவைக்கும் கொட்டகையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பஞ்சவர்ணம் வயல் வரப்பில் ஆள் எண்ணுவது போல நடந்துகொண்டே எண்ணினார். கிழக்கு வரிசையில் முதல் வீடு, அத்தனை பேர், சரி. இரண்டாவது வீடு, சரி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் "இருக்கேன்" என்றது. முடிந்ததும் அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. தாசில்தாரிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியங்களை அடுக்கிப் பார்க்கக்கூடத் தொடங்கிவிட்டேன்.

அப்போது பஞ்சவர்ணத்தின் முகம் மாறியது. கொட்டகையை மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சார், ஒரு வீடு விட்டுட்டேன்."

"எந்த வீடு?"

"எங்கண்ணன் வீடு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெருவில் யார் வீட்டுக் கோழி அடைகாக்கிறது என்றுகூடத் தெரிந்தவர், சொந்த அண்ணன் வீட்டை எப்படி விடுவார்?

"அண்ணன் மேலூர்ப் பக்கம் கல் உடைக்கப் போயிருக்காரு. மதினி அங்கம்மாவும் ரெண்டு பொம்பளப் பிள்ளைகளுந்தான் இருக்காங்க. எனக்கும் மதினிக்கும் ஒரு வருசமாப் பேச்சு இல்ல சார். நடவுக்கும் நான் கூப்புடறதில்ல. வேணும்னு விடல சார். அந்த வாசலத் தாண்டிப் போயிப் போயி என் காலு பழகிப்போச்சு."

அதற்குள் அவர் ஓட ஆரம்பித்துவிட்டார். நானும் பின்னால் ஓடினேன். என் பட்டியல் ஒரு வகையறாவுக்கு வெளியே இருந்த எல்லாரையும் விட்டது. அவருடைய பட்டியல் ஒரே ஒரு வீட்டை விட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கீழத்தெருவில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. கரை கசியத் தொடங்கியிருந்தது. ஆள் இல்லாத தெரு அப்படி ஒரு பயத்தைக் கொடுக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கடைசிக்கு முந்தின வீட்டு வாசல்படியில் அங்கம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளும் உள்ளே நெல் குதிர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மா, தெருவே போயிருச்சு, நீங்க ஏன் உக்காந்திருக்கீங்க? கண்மாய் உடையப்போகுது, வாங்க!" என்று கத்தினேன்.

அங்கம்மா என்னை மட்டும் பார்த்துப் பேசினார். "எல்லார் வாசல்லயும் நின்னு கூப்புட்டுக்கிட்டு வந்த சத்தம் எனக்கும் கேட்டுச்சு சார். என் வாசல் வந்ததும் தாண்டிப் போச்சு. கூப்புடாத எடத்துக்கு நான் எப்பிடி வர்றது?"

பஞ்சவர்ணம் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சார், பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

"யாரு சொல்றான்னு கேளுங்க சார்" என்றார் அங்கம்மா.

"இப்ப இது ரொம்ப முக்கியமான்னு கேளுங்க சார்."

"போன வருசம் அவ மகனுக்குக் காதுகுத்து வச்சப்ப, வரப்புல நின்ன எங்க வீட்டுக்காரர மட்டும் கூப்புட்டுப் போனாளே, வாசப்படி ஏறி என்னைய ஒரு வார்த்தை கூப்புட்டாளான்னு கேளுங்க சார். தாய்மாமன் மட்டும் வேணும், தாய்மாமன் பொண்டாட்டி வேணாமான்னு கேளுங்க."

இரண்டு பேருக்கும் நடுவே, முழங்கால் தண்ணீரில், அரசாங்க ஊழியன் நான் நிற்கிறேன். கண்மாய் எனக்கு இடது பக்கம். என் காதில் விழுந்த ஒவ்வொரு வார்த்தையும் அவர்கள் காதிலும் விழுகிறது. இருந்தாலும் இருவரும் என் வழியாகத்தான் பேசுவார்கள். பிள்ளைகளை நானே தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் தாய் வராமல் போனால்? இழுத்துப்போகலாமா என்றும் யோசித்தேன். அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டால் நான் ஒருவன் என்ன செய்ய முடியும்? சட்டம், உத்தரவு, பேரிடர் என்று எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தை எதுவும் அந்த வாசலில் செல்லுபடியாகாது என்று தெரிந்தது. அங்கே தேவைப்பட்ட வார்த்தை என்னிடம் இல்லை. அதனால் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், வாயை மூடிக்கொண்டு வழியை விட்டு ஒதுங்கி நின்றதுதான்.

பஞ்சவர்ணம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீரில் நடந்து போய், வாசப்படி ஏறினார்.

"மதினி" என்றார். "தப்பு எம்மேலதான். வாங்க மதினி. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுக் கட்டாயம் வரணும். நீங்க வராம அங்க ஒரு வாய் கஞ்சி எனக்கு இறங்காது."

அங்கம்மா எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கை எடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அப்போது அவர் சொன்னார்:

"இரு, சேலைய மாத்திட்டு வாரேன்."

"மதினி!"

"கூப்புட்டப்புறம் இந்தக் கந்தலோடயா வாரது? நாலு பேரு இருக்க எடம்."

"எஞ்சேலை ஒண்ணு அங்க இருக்கு, அதக் கட்டிக்கங்க. மொதல்ல வாங்க!" என்று பஞ்சவர்ணம் பெரிய பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டார். சின்னதை என்னிடம் கொடுத்தார்கள். அது என் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டது. தலைமைச் செயலகமே கேட்டாலும் அந்தப் பேனாவுக்கு நான் கணக்குச் சொல்ல மாட்டேன்.

நாங்கள் ஆலை மேட்டில் ஏறிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கரையில் காவல் நின்ற நான்கு பேரும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். பின்னாலேயே கரை போனது. கீழத்தெருவில் தண்ணீர் புகுந்த வேகத்தைக் கொட்டகையில் இருந்து எல்லாரும் பார்த்தோம். மண் சுவர்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. முதலில் விழுந்தவற்றில் அங்கம்மா வீடும் ஒன்று. வெட்கப்படாமல் சொல்கிறேன், நான் ஆலைச் சுவரில் சாய்ந்து அழுதேன். பஞ்சவர்ணமும் அழுதார். அங்கம்மா அழவில்லை. "அண்டாவுல ஒலை வைங்கடி, பிள்ளைக பசியோட கெடக்கு" என்று வேலையைத் தொடங்கிவிட்டார்.

தாசில்தார் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பஞ்சவர்ணம் வரிசையாக எண்ணிச் சொன்னார். கடைசியில், "எங்கண்ணன் வீட்டுல மதினி ஒண்ணு, பிள்ளைக ரெண்டு" என்று சத்தமாகச் சொன்னார். தாசில்தார் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த அம்மாவைக் கும்பிட்டார். என்னைப் பார்த்து, "உன் திட்டம் எங்கய்யா?" என்றார். கதவில் செருகியிருந்த தாளைக் காட்டினேன். பின்பக்கத்தைப் படித்தார். "இப்பத்தான்யா உருப்படியா ஒண்ணு எழுதியிருக்க" என்றார்.

பொழுது சாயும் நேரத்துக்கு லாரி வந்தது. அதில் வந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் வெள்ளத் தடுப்புக் குழு பட்டு வேட்டியும் சந்தனமுமாக, சாம்பார் அண்டாக்களையும் பாயச வாளிகளையும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. மேலூரில் போலீஸ்காரர் மண்டபத்துக்கே போய்ச் சேதி சொன்னாராம். இரண்டாம் பந்திக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டார் இலையை விட்டு எழுந்துவிட்டார்களாம். "எங்களுக்கு இன்னொரு நாள் சாப்பாடு போடுங்க சம்பந்தி" என்று அவர்களே அண்டாவைத் தூக்கி ஏற்றினார்களாம். வழியில் மதுரையில் லாரி நின்றபோது, விஷயம் கேள்விப்பட்ட ஒரு நெசவாளர் தெருக்காரர்கள், தங்களுக்குள் அவர்கள் பாஷையில் என்னவோ பேசிக்கொண்டு, ஒரு மூட்டை போர்வையைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். யார், என்ன என்று விலாசம்கூடச் சொல்லவில்லை.

ஆலைக்காரர் இறங்கி நேராக என்னிடம்தான் வந்தார். பூட்டைப் பற்றிப் பேசத் தயாராக நின்றேன்.

"பூட்டு கெடக்கட்டும் சார்" என்றார். "நான் வெள்ளத் தடுப்புக் குழுவுக்குத் தலைவருன்னு மேலூர்ப் போலீஸ்காரரு சொல்லித்தான் எனக்கே தெரியும். மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னாடி முழிச்சேன். ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

சத்தியமாகச் சொல்கிறேன், பத்துப் பேரில் ஒருவரிடம்கூட நான் சொல்லவில்லை. கர்ணம் சொல்வார் என்று நான் நினைத்தேன். ஆர்.ஐ. சொல்வார் என்று கர்ணம் நினைத்தார். சொல்லியிருந்தால் ஆலைச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போயிருப்பார், அப்படிப்பட்ட மனுஷர்தான். அடுத்த இரண்டு வாரம் ஆலையை நிறுத்தி வைத்து, தெரு முழுவதையும் அங்கேயே தங்கவைத்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அன்றைக்குப் பரிமாறியதும் என் குழுதான். நல்ல மனுஷர்கள் என்று கர்ணம் சொன்னதில் பொய்யே இல்லை. கூப்பிடாமல் விட்டது நான்தான்.

பந்தியில் அங்கம்மா பஞ்சவர்ணத்தின் சேலையைக் கட்டிக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். "ஒரு வார்த்தை கூப்புடறதுக்கு ஒரு கண்மாயே உடைய வேண்டியிருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பஞ்சவர்ணம் தலையைக் குனிந்துகொண்டு பாயசம் குடித்தார்.

அந்த ஐப்பசிக்குப் பிறகு நான் பல ஊர்களில் வேலை பார்த்தேன். எந்த ஊருக்குப் போனாலும் பெரியவர்களைக் கூட்டி வைத்து முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: "இந்த ஊர்ல யாரோட யார் பேசறதில்ல?" சிரிப்பார்கள். ஆர்.ஐ.க்கு ஊர் வம்பு கேட்பதில் ஆசை என்று பேர் வாங்கினேன். பேர் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பதிலை எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. மனசில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சில வருஷம் கழித்து மேலூர்ப் பக்கம் ஓர் ஊரில் இதே கேள்வியைக் கேட்டேன். வழக்கம்போலச் சிரித்தார்கள். எங்க ஊர்ல அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்ல சார், எல்லாரும் ஒத்துமை என்றார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, தோப்புக்கு அந்தப்பக்கம் ஒரு வீட்டைக் கை காட்டினார். பக்கத்து வீட்டோடு வேலித் தகராறு, ஊர் தலையிட்டும் தீரவில்லை, நல்லது கெட்டது எதற்கும் அந்த வீட்டை யாரும் கூப்பிடுவதில்லை என்றார்.

வானம் பளிச்சென்று இருந்தது. கண்மாயில் முட்டளவுத் தண்ணீர்கூட இல்லை. கை காட்டியவரிடமே அந்த வீட்டு அம்மாவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நான் அங்கே போய் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட்டேன். அந்த அம்மா அவசரமாக வெளியே வந்தார். வாசலில் நின்று யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் அவருக்கு ஆச்சரியம்.

"என்ன சார்? ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "என்னைக்காச்சும் ஒரு நாள் உங்களக் கூப்புட வேண்டி வரும். வாசல் எதுன்னு பார்த்து வச்சுக்கலாம்னு வந்தேன்."